லேப் சிஸ்டமும் டிபார்ட்மென்ட் சர்வரும்: நெல்லைப் பக்கத்துக் கம்ப்யூட்டர் மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தென்காசி, அம்பை, வள்ளியூர், நாங்குநேரி என்று நாலா திசையிலிருந்தும் பஸ் பிடித்து வரும் மாணவருக்கு லேப் நேரம் வாரத்தில் சில பீரியடுதான். அதிலும் பாதி, ‘பாஸ்வேர்டு எடுக்க மாட்டேங்கு’, ‘ஃபைலைக் காணோம்’, ‘போர்ட் பிஸின்னு வருது’ என்பதிலேயே கரைந்துவிடுகிறது. முதல் செமஸ்டர் பி.எஸ்சி., பி.சி.ஏ., பி.இ. மாணவர்களையும், ஜி.பி.யூ. (பல கணக்குகளை ஒரே நேரத்தில் போடும் கிராஃபிக்ஸ் சிப்) உள்ள சர்வரில் முதல்முறை ஏறும் ஆராய்ச்சி மாணவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். அபிஷேகப்பட்டியில் படித்தாலும் பாளையங்கோட்டையில் படித்தாலும் சர்வரின் பெயரும் விதியும்தான் மாறும், லினக்ஸ் ஒன்றுதான்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படி தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு.

எந்த மிஷினில் இருக்கிறீர்கள்?

லேப்பில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாததால் வருபவை. பொதுவாக மூன்று வகை மிஷின் இருக்கும். ஒன்று, நீங்கள் உட்கார்ந்திருக்கும் லேப் சிஸ்டம். இரண்டாவது, எல்லோரும் ஏறி இறங்கும் லாகின் சர்வர். மூன்றாவது, பெரிய கணக்குகளை ஓட்டுகிற கம்ப்யூட் மிஷின், ஜி.பி.யூ. இதில்தான் இருக்கும். டெர்மினல் திறந்ததும் மூன்று கட்டளை போட்டுப் பாருங்கள்: ‘ஹோஸ்ட்நேம்’ மிஷினின் பெயரைச் சொல்லும், ‘ஹூஆம்ஐ’ யாராக நுழைந்திருக்கிறீர்கள் என்று சொல்லும், ‘பிடபிள்யூடி’ எந்த ஃபோல்டரில் நிற்கிறீர்கள் என்று சொல்லும்.

உங்கள் ஹோம் ஃபோல்டர் பெரும்பாலும் லேப் சிஸ்டத்தின் டிஸ்க்கில் இருக்காது. அது ஒரு ஃபைல் சர்வரில் இருக்கும், என்.எஃப்.எஸ். என்ற ஃபைல் பகிரும் முறை வழியாக எல்லா லினக்ஸ் சிஸ்டத்திலும் ஒரே மாதிரி தெரியும். அதனால் இன்று 14-ஆம் நம்பர் சிஸ்டத்தில் எழுதிய ப்ரோக்ராம் நாளை 31-ஆம் நம்பரிலும் இருக்கும். ‘ஸ்லாஷ் டிஎம்பி’ என்ற தற்காலிக ஃபோல்டர் அப்படியல்ல. அது அந்தந்த மிஷினுக்கே உரியது, பல இடங்களில் ரீஸ்டார்ட் ஆனால் காலியாகிவிடும். விண்டோஸ் லேப் என்றால் இன்னும் கவனம் வேண்டும். டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள் போட்ட சிஸ்டத்தில், பாதுகாப்பில் வைத்த டிரைவில் நீங்கள் சேமித்த எதுவும் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு மிஞ்சாது. டெஸ்க்டாப்பில் வைத்த ரெக்கார்டு ப்ரோக்ராம் மறுநாள் காணாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். பக்கத்து சிஸ்டத்துப் பையன் அழித்திருப்பான் என்று சந்தேகப்பட வேண்டாம்.

உட்காரும்போதும் எழும்போதும்

ரெஜிஸ்டரில் சிஸ்டம் நம்பரைச் சரியாக எழுதுங்கள். பின்னால் ஏதாவது கேள்வி வந்தால் அந்த வரிதான் சாட்சி. லினக்ஸில் பாஸ்வேர்டு தட்டும்போது டெர்மினலில் புள்ளிகூடத் தெரியாது. கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி தட்டக் கூடாது. கேப்ஸ் லாக்கையும் நம்பர் லாக்கையும் முதலில் பாருங்கள்.

சிஸ்டம் ஹேங் ஆனதுபோல் இருந்தால் பவர் பட்டனை அமுக்காதீர்கள். வேறு யாராவது தூரத்திலிருந்து அதே சிஸ்டத்தில் ஏறியிருக்கலாம். ‘ஹூ’ என்று போட்டால் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். திரை அசையாவிட்டாலும் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அமுக்கினால் பெரும்பாலும் எழுத்துத் திரை ஒன்று வரும். அதில் நுழைந்து, சிக்கிய ப்ரோக்ராமை மட்டும் நிறுத்தலாம்.

கரண்ட் போய் யூ.பி.எஸ். கத்த ஆரம்பித்தால் உடனே சேவ் செய்யுங்கள். லேப் யூ.பி.எஸ். என்பது ஜெனரேட்டர் எடுக்கும் வரையோ, ஒழுங்காக மூடும் வரையோ தாங்குவதற்குத்தான். ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் சொந்த லேப்டாப்பை லேப் லேன் கேபிளில் மாட்டி வைக்காதீர்கள். மின்னலின் அதிர்ச்சி கரண்ட் வயரில் மட்டும் வருவதில்லை, லேன் வயரிலும் வரும்.

வீட்டிலிருந்தும் ஹாஸ்டலிலிருந்தும் ஏறுவது

தூரத்திலிருந்து சர்வரில் பாதுகாப்பாக ஏற எஸ்.எஸ்.எச். என்ற மென்பொருள் வேண்டும். 2018-க்குப் பிறகு வந்த விண்டோஸ் 10 பதிப்புகளிலும் விண்டோஸ் 11-லும் அது கூடவே வருகிறது. புட்டி போன்ற மென்பொருளைத் தனியாக இறக்க வேண்டியதில்லை. டெர்மினலில் ‘எஸ்எஸ்எச் பயனர்பெயர்@சர்வர்பெயர்’ என்று தட்டினால் போதும். முதல்முறை ஏறும்போது சர்வரின் கைரேகை எண் ஒன்றைக் காட்டி ‘நம்பலாமா?’ என்று கேட்கும். அட்மின் தந்த எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு ‘யெஸ்’ என்று முழுச் சொல்லாகத் தட்டுங்கள். பிற்பாடு ஒருநாள் ‘ஐடென்டிஃபிகேஷன் ஹேஸ் சேஞ்ச்டு’ என்று பெரிதாக எச்சரித்தால், சர்வரை மறுபடி இன்ஸ்டால் செய்தார்களா என்று கேட்டு உறுதி செய்த பிறகே பழைய பதிவை ‘எஸ்எஸ்எச்-கீஜென் -ஆர் சர்வர்பெயர்’ என்று நீக்க வேண்டும். இங்கே ஆர் பெரிய எழுத்து.

ஏற முடியவில்லை என்றால் வரும் செய்தியை வாசியுங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோய்.

‘குட் நாட் ரிஸால்வ்’ வந்தால் சர்வர் பெயர் தப்பு, அல்லது கேம்பஸ் நெட்வொர்க்கில் மட்டும் தெரியும் பெயர். ‘டைம்டு அவுட்’ என்றால் உங்கள் அழைப்பு சர்வரை எட்டவே இல்லை: வி.பி.என். (வெளியிலிருந்து கேம்பஸ் நெட்வொர்க்குக்குள் நுழையும் வழி) போடவில்லை, அல்லது ஃபயர்வால் தடுக்கிறது. சர்வர் முகவரி ‘10.’ என்றோ ‘192.168.’ என்றோ தொடங்கினால் அது உள்வட்ட முகவரி. வீட்டு வைஃபையிலிருந்து நேராக எட்டாது. ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்றால் மிஷினை எட்டிவிட்டீர்கள், ஆனால் அந்தப் போர்ட்டில் (சர்வரின் கதவு எண்ணில்) ஆள் இல்லை. வழக்கமான போர்ட் 22; சில இடங்களில் மாற்றி வைத்திருப்பார்கள். ‘பெர்மிஷன் டினைடு’ என்றால் மட்டுமே பெயரிலோ பாஸ்வேர்டிலோ சாவியிலோ கோளாறு.

தவறான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போடுவது மற்றவரையும் பாதிக்கும். பல சர்வர்களில் ஃபெயில்2பேன் இருக்கும். அதன் இயல்பு அமைப்பில் ஐந்து தோல்வி வந்தால் அந்த ஐ.பி. முகவரியைப் பத்து நிமிடம் தடுக்கும். ஹாஸ்டல் முழுக்க ஒரே ஐ.பி.யில் வெளியே போகிற இடத்தில், ஒருவர் செய்த தப்புக்கு ஹாஸ்டலே வெளியில் நிற்கும்.

இதற்கு நல்ல வழி, பாஸ்வேர்டுக்குப் பதில் ஒரு ஜோடி சாவி ஃபைல்களால் நுழையும் சாவி முறை:

1. உங்கள் லேப்டாப்பில் ‘எஸ்எஸ்எச்-கீஜென் -டி இடி25519’ போடுங்கள். பாஸ்ஃப்ரேஸ் (சாவியைப் பூட்டும் ரகசியச் சொல்) கேட்கும்போது வெறுமையாக விடாதீர்கள்.
2. ‘டாட் பப்’ என்று முடியும் ஃபைல் பொதுச் சாவி. அதை மட்டும் சர்வருக்கு அனுப்புங்கள். லினக்ஸில் ‘எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி’ அதைச் செய்துவிடும். விண்டோஸில் அந்த ஒரு வரியை நகலெடுத்து, சர்வரில் ‘டாட் எஸ்எஸ்எச்’ ஃபோல்டரில் ‘ஆதரைஸ்டு அன்டர்ஸ்கோர் கீஸ்’ என்ற ஃபைலின் கடைசியில் ஒட்டுங்கள்.
3. அந்த ஃபோல்டருக்கு ‘சிஎச்மோட் 700’, ஃபைலுக்கு ‘சிஎச்மோட் 600’ போடுங்கள். அப்போது அவற்றை நீங்கள் மட்டுமே திறக்க முடியும்.

இத்தனைக்குப் பிறகும் பாஸ்வேர்டு கேட்டால், உங்கள் ஹோம் ஃபோல்டரின் பெர்மிஷனைப் பாருங்கள். ‘எல்லாம் ஓடட்டும்’ என்று ஹோமையே 777 (யாரும் எழுதலாம்) ஆக்கியிருந்தால் எஸ்.எஸ்.எச். சர்வர் அந்தச் சாவியை ஏற்காது. மற்றவர் எழுதக்கூடிய இடத்தில் இருக்கும் சாவியை நம்பக் கூடாது என்பது அதன் விதி. உபுண்டுவில் 21.04-க்கு முந்தைய பதிப்புகள் புது ஹோமை 755 ஆகத்தான் உருவாக்கும், அதாவது வகுப்பில் எல்லோரும் உங்கள் அசைன்மென்ட்டைத் திறந்து வாசிக்கலாம். முதல் நாளே ஹோமுக்கு 700 போட்டுவிடுவது நல்லது. இரண்டு பேர் ரெக்கார்டில் ஒரே ப்ரோக்ராம் ஒரே எழுத்துப்பிழையோடு இருந்தால், யார் முதலில் எழுதியது என்று யாரும் ஆராய்ந்துகொண்டிருக்கப் போவதில்லை.

ஃபைல் கொண்டுபோக ‘எஸ்சிபி’ போதும். ஃபோல்டர் பெரிதென்றால் ‘ஆர்சிங்க் -ஏவிபி’ (இதில் பி மட்டும் பெரிய எழுத்து). பஸ்ஸில் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் அனுப்பும்போது டவர் மாறி இணைப்பு அறுந்தாலும், அதே கட்டளையை மறுபடி போட்டால் ஆர்சிங்க் விட்ட இடத்திலிருந்து தொடரும். மூல ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் ஸ்லாஷ் போட்டால் உள்ளே இருப்பது மட்டும் போகும். போடாவிட்டால் ஃபோல்டரும் சேர்ந்து போகும்.

விண்டோஸில் எழுதிய ஸ்க்ரிப்ட் சர்வரில் ‘பேட் இன்டர்ப்ரெட்டர்’ என்று அழுதால், வரி முடிவில் விண்டோஸ் சேர்க்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்துதான் காரணம். ‘டாஸ்2யுனிக்ஸ்’ போட்டால் சரியாகும்.

இடம் நிரம்பினால்

ஒவ்வொருவருக்கும் கோட்டா, அதாவது டிஸ்க்கில் இட வரம்பு, உண்டு. அது நிரம்பும்போது வரும் அறிகுறிகள் கோட்டாவைக் காட்டிக்கொடுக்காது. அதிகம் ஏமாற்றுவது இது: லாகின் திரையில் பாஸ்வேர்டு சரியாகத்தான் தட்டுகிறீர்கள், திரை கறுத்து மறுபடி லாகினுக்கே வருகிறது. டெஸ்க்டாப் தொடங்கும்போது ஹோமில் சில சின்ன ஃபைல்களை எழுத வேண்டும். எழுத இடமில்லை, அதனால் திரும்பிவிடுகிறது. பாஸ்வேர்டை மாற்றித் தரச் சொல்லி அலைய வேண்டாம். எஸ்.எஸ்.எச். வழியாகவோ கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 எழுத்துத் திரையிலோ நுழைந்து இடத்தைக் காலி செய்தால் சரி. இன்னொரு அறிகுறி, சேவ் செய்த ஃபைல் பூஜ்ய பைட்டாக நிற்பது.

‘கோட்டா -எஸ்’ உங்கள் அளவைக் காட்டும். எங்கே போயிற்று என்று பார்க்க, ஹோமில் நின்று ‘டியூ -எச் --மேக்ஸ்-டெப்த்=1’ போட்டு, குழாய்க் குறிக்குப் (|) பிறகு ‘சார்ட் -எச்’ சேருங்கள்; பெரியது கடைசியில் வரும். குற்றவாளிகள் பெரும்பாலும் புள்ளியில் தொடங்கும் மறைவு ஃபோல்டர்கள். ‘டாட் கேஷ்’ உள்ளே, பைத்தான் பேக்கேஜ்களைப் போடும் பிப் இறக்கியவையும் ஹக்கிங் ஃபேஸ் தளத்து ஏ.ஐ. மாடல்களும் ஜி.பி. கணக்கில் தூங்கும். கோண்டா பேக்கேஜ்கள் தனி. விஎஸ் கோட் ரிமோட்டாக ஏறினால் ‘டாட் விஎஸ்கோட்-சர்வர்’ என்று தன் பங்குக்கு ஒன்றை வைக்கும். டெஸ்க்டாப்பில் டெலீட் செய்தவை ‘டாட் லோக்கல்’ உள்ளே ட்ராஷில் அப்படியே இருக்கும். கோட்டா அதையும் எண்ணும். ‘பிப் கேஷ் பர்ஜ்’, ‘கோண்டா கிளீன் --ஆல்’ இரண்டும் ஆபத்தில்லாமல் இடம் தரும். மாடல்களை ஸ்க்ராட்ச் என்ற தற்காலிக டிஸ்க்குக்கு மாற்றுங்கள். ஸ்க்ராட்ச்சுக்கு பேக்கப் கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

ஐம்பதாயிரம் சின்னப் படங்களை ஹோமில் விரித்து வைத்து ஏ.ஐ. மாடல் ட்ரெயினிங் ஓட்டினால் ஜி.பி.யூ. சும்மா காத்திருக்கும். என்.எஃப்.எஸ்.ஸில் ஒவ்வொரு ஃபைலைத் திறக்கவும் சர்வருக்கு ஒரு நடை போய்வர வேண்டும். எல்லாவற்றையும் ஒரே டார் ஃபைலாக்கி, கம்ப்யூட் மிஷினின் சொந்த டிஸ்க்குக்கு ஒரே நடையில் கொண்டுபோய் அங்கே விரித்தால், உங்களுக்கும் வேகம், மற்றவருக்கும் நிம்மதி.

ஓடவிடுவது, நிறுத்துவது, விட்டுவிட்டுப் போவது

சேவ் செய்யும் பழக்கத்தில் டெர்மினலில் கன்ட்ரோல்-எஸ் அமுக்கிவிட்டு, எல்லாம் உறைந்துவிட்டது என்று ஜன்னலை மூடுபவர்கள் உண்டு. கன்ட்ரோல்-எஸ் திரையை நிறுத்தும், கன்ட்ரோல்-க்யூ விடுவிக்கும், அவ்வளவுதான். ப்ரோக்ராமை முடிக்க கன்ட்ரோல்-சி. கன்ட்ரோல்-இசட் முடிப்பதில்லை, உறங்க வைக்கிறது. உறங்கும் ப்ரோக்ராம் மெமரியையும் போர்ட்டையும் கையில் பிடித்துக்கொண்டே கிடக்கும். ‘ஜாப்ஸ்’ போட்டால் அவை தெரியும், ‘எஃப்ஜி’ போட்டால் எழுந்து முன்னால் வரும். விம் எடிட்டரில் மாட்டிக்கொண்டால் எஸ்கேப், பிறகு கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர்.

மாலை ஐந்து மணிக்கு லேப் பூட்டுவார்கள், பாபநாசம் பஸ் காத்திராது, ப்ரோக்ராமுக்கோ இன்னும் ஆறு மணி நேரம் வேலை இருக்கிறது. இதற்குத்தான் டிமக்ஸ். ‘டிமக்ஸ் நியூ -எஸ் ட்ரெயின்’ என்று ஒரு செஷன் திறந்து அதற்குள் ப்ரோக்ராமை ஓடவிடுங்கள். கன்ட்ரோல்-பி அமுக்கி, கையை எடுத்து, டி தட்டினால் வெளியே வந்துவிடலாம். ராத்திரி வீட்டிலிருந்து ஏறி ‘டிமக்ஸ் அட்டாச் -டி ட்ரெயின்’ போட்டால் விட்ட இடத்திலேயே இருக்கும். இதை லாகின் சர்வரில் செய்யுங்கள், மூடும்போது அணைத்துவிடும் லேப் சிஸ்டத்தில் வேண்டாம். லாகின் சர்வர்கள் பல இருந்தால், எதில் செஷன் திறந்தீர்களோ அதிலேயே மறுபடி ஏற வேண்டும். மீண்டும் ‘ஹோஸ்ட்நேம்’தான்.

ஆனால் லாகின் சர்வரில் பெரிய கணக்கு ஓட்டக் கூடாது. அங்கே ஒருவர் ப்ராசஸரின் எல்லாக் கோரையும் எடுத்தால் மற்றவர் ‘எல்எஸ்’ போட்டாலே திணறும். ‘ஹெச்டாப்’ பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பைத்தானின் நம்பை போன்ற கணித லைப்ரரிகள் கேட்காமலே எல்லாக் கோரையும் எடுக்கும். ‘ஓஎம்பி நம் த்ரெட்ஸ்’ என்ற மாறிக்கு (எல்லாம் பெரிய எழுத்து, இடையில் அன்டர்ஸ்கோர்) 4 என்று வைத்தால் அடங்கும். ‘நைஸ் -என் 19’ முன்னால் சேர்த்தால், மற்றவர் வேலைக்கு வழிவிட்டு உங்கள் வேலை நடக்கும்.

ஸ்லர்ம் (வேலைகளை வரிசையில் வைத்து மிஷின்களுக்குப் பங்கிடும் மென்பொருள்) இருக்கும் சர்வரில் கம்ப்யூட் மிஷினை நேரே தொடக் கூடாது. ஒரு ஸ்க்ரிப்ட் எழுதி ‘எஸ்பேட்ச்’ மூலம் கொடுக்க வேண்டும். எவ்வளவு நேரம், எவ்வளவு மெமரி, எத்தனை கோர், எத்தனை ஜி.பி.யூ. என்று ஸ்க்ரிப்டின் தலையில் எழுதுவீர்கள். ‘பாதுகாப்புக்கு’ என்று மூன்று நாள் கேட்பது உங்களுக்கே கேடு. பேக்ஃபில் போட்டிருக்கும் இடத்தில், இரண்டு பெரிய வேலைகளுக்கு நடுவே கிடைக்கும் சின்ன இடைவெளியில் சின்ன வேலைகளை நுழைத்துவிடும் ஸ்லர்ம். இரண்டு மணி நேரம் கேட்டவர் போய்விடுவார், மூன்று நாள் கேட்டவர் வரிசையில் நிற்பார். அதற்காகக் குறைத்தும் கேட்கக் கூடாது, நேரம் முடிந்ததும் கொன்றுவிடும். முதலில் சின்ன டேட்டாவில் ஒருமுறை ஓட்டி, ‘எஸ்அக்ட்’ காட்டும் நேரத்தையும் உச்ச மெமரியையும் பார்த்து, முழு டேட்டாவுக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டு, கால் பங்கு கூட்டிக் கேட்பது நடைமுறையில் சரியாக வரும்.

வேலை செத்தால் முடிவு எண்ணைப் பாருங்கள். 137 என்றால் 128-உம் 9-உம்: வெளியிலிருந்து கொல்லப்பட்டது, பெரும்பாலும் மெமரி மீறியதால். 139 என்றால் 128-உம் 11-உம்: உங்கள் ப்ரோக்ராம் தனக்கில்லாத மெமரியைத் தொட்டது, சி மொழி என்றால் பாயின்டரையோ அரே எல்லையையோ பாருங்கள்.

ஜி.பி.யூ. பக்கம் ‘என்விடியா-எஸ்எம்ஐ’ முதலில். ‘குடா அவுட் ஆஃப் மெமரி’ வந்தால் பேட்ச் அளவைப் (ஒரு தடவையில் ஏற்றும் டேட்டாவை) பாதியாக்குவதற்கு முன், உங்களுடைய பழைய ஜூபிட்டர் நோட்புக் ஏதாவது இன்னும் மெமரியைப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். ப்ரவுசர் டேபை மூடினால் பின்னால் ஓடும் கெர்னல் சாகாது; ‘ஷட் டவுன் கெர்னல்’ கொடுக்க வேண்டும். ஒவ்வொரு எப்பாக் (டேட்டா முழுவதும் ஒருமுறை ஓடுவது) முடிவிலும் செக்பாயின்ட் (அதுவரையிலான நிலையின் சேவ்) எழுதுங்கள். இடி மழை ராத்திரியில் சர்வர் அறை யூ.பி.எஸ். தீர்ந்தால், செக்பாயின்ட் இல்லாதவர் முதல் எப்பாக்கிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

நெட்வொர்க் லேப்பும் போர்ட் சண்டையும்

சாக்கெட் ப்ரோக்ராம் அன்று வகுப்பே ஒரு சர்வரில் ஏறி, எல்லோரும் புத்தகத்தில் இருக்கும் 8080-ஐயே போடுவார்கள். முதலில் ஓட்டியவருக்குக் கிடைக்கும்; மற்றவருக்கெல்லாம் ‘அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்’. ரெஜிஸ்டர் நம்பரின் கடைசி மூன்று இலக்கத்தோடு 20000 கூட்டி அந்தப் போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 047 என்றால் 20047. வகுப்புக்குள் மோதல் இருக்காது. 1024-க்குக் கீழே போகாதீர்கள், அதற்கு ரூட் அனுமதி வேண்டும்.

சொந்தப் போர்ட்டிலும் அதே செய்தி வந்தால் இரண்டு காரணம். கன்ட்ரோல்-இசட் போட்டு உறங்கவிட்ட பழைய சர்வர் ப்ரோக்ராம் பிடித்திருக்கலாம். ‘எஸ்எஸ் -எல்டிஎன்பி’ காட்டிக்கொடுக்கும். அல்லது ப்ரோக்ராம் முடிந்தும் டி.சி.பி. இணைப்பு ‘டைம் வெயிட்’ நிலையில் கொஞ்ச நேரம் நிற்கும். பைண்டுக்கு முன்னால் ‘எஸ்ஓ ரீயூஸ்அட்ர்’ வசதியைப் (எல்லாம் பெரிய எழுத்து, எஸ்ஓ-வுக்குப் பின் அன்டர்ஸ்கோர்) போட்டுவிட்டால் இந்த இரண்டாவது தொல்லை தீரும். வைவாவில் அதிகம் கேட்கும் கேள்வியும் இதுதான்.

தமிழ் டேட்டா வைத்திருப்பவர்களுக்கு

தமிழ் எழுத்துகளுக்கு யூ.டி.எஃப்.-8-இல் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். ‘தமிழ்’ என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து, பைத்தானின் ‘லென்’னுக்கு 5, டிஸ்க்கில் 15 பைட். ‘மி’யில் உள்ள இகரக் குறியும் ‘ழ்’-இல் உள்ள புள்ளியும் தனித்தனிக் குறிகள். சி-யில் பத்து இடம் கொண்ட கேரக்டர் அரேயில் இதைத் திணித்தால் ப்ரோக்ராம் பாதியில் சாகலாம், அல்லது அதைவிட மோசமாக, வராமலே தப்பான விடை வரும். சர்வரில் தமிழ் கேள்விக்குறியாகத் தெரிந்தால் ‘லோகேல்’ போட்டு யூ.டி.எஃப்.-8 இருக்கிறதா என்று பாருங்கள். டெர்மினலில் எழுத்து உடைந்து தெரிந்தாலும் ஃபைல் கெட்டிருக்காது; பெரும்பாலான டெர்மினல்களுக்குத் தமிழைக் கோத்துக் காட்டத் தெரியாது. அதை நம்பித் திருத்தப் போகாதீர்கள்.

பேக்கப்

சர்வரில் ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் முறை) இருக்கிறது என்பார்கள். ரெய்டு, டிஸ்க் ஒன்று செத்தால் காப்பாற்றும். நீங்களே ‘ஆர்எம்’ போட்டு அழித்ததைக் காப்பாற்றாது. வெள்ளத்திலிருந்தும் காப்பாற்றாது. 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி பெருகி ஜங்ஷன் பக்கம் முழுக்கத் தண்ணீர் நின்றதை இந்த ஊரில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. ப்ரோக்ராமும் ஆய்வேடும் கிட் (மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் மென்பொருள்) வழியாக வெளியில் ஒரு இடத்தில், டேட்டா ஒரு ஹார்டு டிஸ்க்கில் வேறு ஊரில். அந்த ஹார்டு டிஸ்க் அம்பையிலோ களக்காட்டிலோ உங்கள் வீட்டு பீரோவில் இருந்தால் போதும். செமஸ்டர் முடிந்து கணக்கை மூடும் தேதியை விசாரித்து அதற்குள் எடுத்துவிடுங்கள்.

உதவி கேட்பது

‘சார், சர்வர் வேலை செய்யல’ என்று வரும் செய்திக்கு அட்மினால் பதிலாக இன்னொரு கேள்விதான் அனுப்ப முடியும். இப்படி எழுதிப் பாருங்கள்:

‘வணக்கம் சார். எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு, பயனர்பெயர் இது. இன்று காலை 10.20-க்கு ஹாஸ்டல் வைஃபையிலிருந்து, வி.பி.என். போட்டு, லாகின் சர்வரில் ஏறினேன். நான் போட்ட கட்டளை இது; வந்த செய்தியை அப்படியே கீழே ஒட்டியிருக்கிறேன். நேற்று மாலை வரை ஓடியது. நடுவில் கோண்டாவில் ஒரு பேக்கேஜ் போட்டேன். கோட்டா பார்த்தேன், இடம் இருக்கிறது.’

திரையை மொபைலில் சாய்வாகப் படம் எடுத்து அனுப்பாதீர்கள். எழுத்தாக நகலெடுத்து ஒட்டினால் அவர் அதை அப்படியே லாகில் தேடலாம். பாஸ்வேர்டை எக்காரணத்துக்கும் எழுத வேண்டாம். உண்மையான அட்மினுக்கு அது தேவைப்படாது. கேட்பவர் வேறு ஆள்.